மான்செஸ்டர் தொட்டியில் ஒரு சாயக்கோடு

பாய்ம இயக்கவியல் படித்த பொறியியல் மாணவர் யாரைக் கேட்டாலும் இரண்டு எண்களைச் சொல்வார். குழாயில் ரெனால்ட்ஸ் எண் 2000-க்குக் கீழே இருந்தால் அடுக்கடுக்காகச் சீராகப் போகும் லேமினார் ஓட்டம், 4000-ஐத் தாண்டினால் கொந்தளிக்கும் டர்புலன்ட் ஓட்டம். தேர்வுக்கு இது போதும். ஆனால் அந்த எண்ணுக்குப் பெயர் தந்தவர், தன் கண்ணாடிக் குழாயில் ஏறத்தாழ 13,000 வரை நீரை அலுங்காமல் குலுங்காமல் ஓட வைத்திருக்கிறார்.

ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியர். 1883-இல் அவர் வெளியிட்ட சோதனை பார்வைக்கு எளிது. கண்ணாடிப் பக்கங்கள் வைத்த ஒரு நீளமான தொட்டி. அதற்குள் கிடையாக ஒரு கண்ணாடிக் குழாய். அதன் வாய் நாதஸ்வரத்தின் அணசுபோல விரிந்திருக்கும், நீர் முட்டாமல் மோதாமல் உள்ளே நுழைவதற்காக. தொட்டியை நிரப்பி, நீரின் அசைவெல்லாம் அடங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பார். பிறகு வால்வை மெல்லத் திறந்து, குழாயின் வாயில் சாயத்தைக் கசிய விடுவார்.

வேகம் குறைவாக இருக்கும்போது சாயம் இழுத்துக் கட்டிய நூலாக, குழாயின் கடைசிவரை ஒரே கோடாகப் போகும். வால்வை இன்னும் திறக்கத் திறக்க, ஏதோ ஒரு வேகத்தில், வாயிலிருந்து சற்றுத் தள்ளி அந்தக் கோடு திடீரென்று உடையும். அதற்கு அப்பால் குழாய் முழுக்க நிறம். கண்ணுக்கு வெறும் கலங்கலாகத் தெரிந்ததை ரெனால்ட்ஸ் மின்பொறியின் கணநேர வெளிச்சத்தில் பார்த்தார். கலங்கல் மறைந்து, தனித்தனிச் சுருள்களாகச் சுழிகள் தெரிந்தன. இந்த ஒரு உத்திக்காகவே அவரைக் கொண்டாடலாம்.

கோடு எப்போது உடையும் என்பதை வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அடர்த்தி, வேகம், குழாயின் விட்டம் மூன்றையும் பெருக்கி, பாகுநிலையால் வகுக்க வேண்டும். அலகுகள் எல்லாம் அடிபட்டுப் போய் வெறும் எண் மிஞ்சும். ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் உந்தத்துக்கும், பக்கத்து அடுக்கைப் பிடித்து இழுக்கும் பாகுநிலைக்கும் நடக்கும் போட்டியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லிவிடும். பெரிய குழாயில் எண்ணெய், சிறிய குழாயில் தண்ணீர் என்று எதுவாக இருந்தாலும், எண் ஒன்றானால் ஓட்டத்தின் போக்கும் ஒன்றுதான்.

வீட்டுக் குழாயையே கணக்குப் போடலாம். 15 மில்லிமீட்டர் விட்டம், நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் எண் சுமார் 7,500. அதாவது சுவருக்குள் போகும் தண்ணீர் பெரும்பாலும் கொந்தளித்துக்கொண்டேதான் வருகிறது. அதற்கு விலையும் உண்டு. லேமினார் ஓட்டத்தில் வேகம் இரட்டித்தால் அழுத்த இழப்பும் இரட்டிக்கும்; கொந்தளிப்பில் அது ஏறக்குறைய நான்கு மடங்காகும். பம்ப் மோட்டார்தான் அதைச் சுமக்க வேண்டும்.

எண்ணின் மறுகோடியில் பாக்டீரியா இருக்கிறது. நீந்தும் ஈ.கோலிக்கு ரெனால்ட்ஸ் எண் ஒன்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அது வாலைச் சுழற்றுவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலம் நகர்வதற்குள் நின்றுவிடும் என்று இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் கணக்கிட்டுக் காட்டினார். தண்ணீர் அதே தண்ணீர்தான்.

சரி, 13,000 எப்படி வந்தது? கோடு தானாக உடைவதில்லை, ஏதாவது ஒன்று அதைச் சீண்ட வேண்டும். சீண்டலே இல்லாமல் பார்த்துக்கொண்டால் எல்லை மேலே போகும். பின்னால் வந்தவர்கள் 1,00,000 வரைகூடக் கொண்டுபோயிருக்கிறார்கள். நூறு ஆண்டுகள் கழித்து ரெனால்ட்ஸின் அதே கருவியில் சோதனையைத் திரும்பச் செய்தபோது அவருடைய எண் கிடைக்கவில்லை. மான்செஸ்டர் தெருக்களில் ஓடும் வண்டிகளின் அதிர்வில் கோடு முன்கூட்டியே உடைந்தது.

ஆகவே மேல் எல்லை என்று உறுதியாக ஒன்றும் கிடையாது. கீழ் எல்லைக்குத்தான் விடை உண்டு, அது 2011-இல் வந்தது. இந்த எல்லையை ஒட்டி, கொந்தளிப்பு குழாய் முழுக்கப் பரவாமல் துண்டு துண்டாகப் பயணிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கதி: அடங்கிப்போவது, அல்லது இரண்டாகப் பிளப்பது. இரண்டுமே அபூர்வமாக நடப்பவை என்பதால், விட்டத்தைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு நீளமான குழாயில் காத்திருந்து பார்க்க வேண்டியிருந்தது. ரெனால்ட்ஸ் எண் 2040-ஐ ஒட்டிப் பிளவுகள் சாவுகளை முந்துகின்றன. அதற்குமேல் கொந்தளிப்பு தானாக ஓய்வதில்லை.