ஒரு தொழிற்பள்ளியின் நெடுநாட் கணக்கு

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுப் போவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்று நம் நாட்டுப்புறங்களில் சொல்வதுண்டு. சங்கத்தின் நூல் கணக்கும் உரக் கணக்கும் ஆண்டு முடிவில் தம் பலனைக் காட்டிவிடும். பள்ளிக்கூடமோ பனையைப் போன்றது. இன்று அதற்குப் பொருளுதவி செய்பவர் அதன் முழுப் பயனையும் காண இருபது, முப்பது ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும். ஆதலின், ஒரு பள்ளி தான் மேற்கொண்ட குறிக்கோளை நோக்கி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை அளந்தறிவது எவ்வாறு என்னும் கேள்வி, ஆண்டுதோறும் லாபத்திலிருந்து கல்வி நிதிக்குப் பங்கு செலுத்தும் கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நமக்கு மிகவும் உரியதாகும். தேர்வில் தேறியோர் தொகை ஒன்றை மட்டும் பார்த்து இதற்கு விடை காண இயலாது.

ஸ்பெயின் தேசத்தின் வடபகுதியில், பாஸ்க் மக்கள் வாழும் மலைப் பிரதேசத்தில், மொண்ட்ராகோன் என்னும் சிறு நகரம் உள்ளது. அங்கே 1943-ஆம் ஆண்டில் ஊரார் சேர்ந்து தொடங்கிய தொழிற்பள்ளி ஒன்றின் எண்பதாண்டுக் கணக்கை இங்கே எடுத்துப் பார்ப்போம்.

பள்ளி பிறந்த வரலாறு

ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போர் மொண்ட்ராகோன் மக்களை வறுமையில் ஆழ்த்தியிருந்தது. போரில் தோல்வியுற்ற பக்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1941-இல் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியேத்தா என்னும் இளம் பாதிரியார் அவ்வூருக்கு அனுப்பப்பெற்றார். அவர் அப்போது இருபத்தைந்து வயதினர். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். ஊரில் பூட்டு முதலிய இரும்புச் சாமான்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதனுடன் சேர்ந்த பயிற்சிப் பள்ளியில் பெரும்பாலும் அத்தொழிற்சாலை ஊழியர்களின் பிள்ளைகளுக்கே இடம் கிடைத்தது. மற்றப் பிள்ளைகளுக்கும் அதன் கதவைத் திறந்துவிடுமாறு பாதிரியார் கேட்டுக்கொண்டார். கம்பெனி இணங்கவில்லை.

ஆகவே அவர் ஊர் மக்களையே நாடினார். தெரு முனைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. பணம் தர இயன்றவர் தொகையையும், பணமில்லாதவர் தாம் செய்யக்கூடிய ஊழியத்தையும் சீட்டில் எழுதிப் பெட்டியில் இட்டனர். ஏறத்தாழ 600 பேர் இவ்வாறு உதவி செய்ய முன்வந்தனர். எண்ணாயிரம் பேர் வாழும் வறிய ஊருக்கு இது சிறு தொகையன்று. 1943 அக்டோபரில் இருபது மாணவர்களுடன் பள்ளி திறக்கப்பட்டது. அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் கட்டுப்படாத தனிப் பள்ளியாக அது விளங்கியது. நாட்டில் சர்வாதிகார ஆட்சி நடந்து, சுதந்திரமான தேர்தல் என்பதே இல்லாதிருந்த அக்காலத்தில், உதவி செய்தவர்கள் கூடிப் பள்ளியின் நிர்வாகத்தைப் பற்றி முடிவு செய்யும் உரிமை பெற்றிருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அப்பள்ளியின் செயல்களைத் தொடர்ந்து நோக்கின், நான்கு குறிக்கோள்களை அது இடைவிடாது பற்றி வந்தது புலனாகும். எளியோர் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருத்தல், தொழிலும் படிப்பும் ஒன்றாயிருத்தல், கற்றவர் ஊரிலேயே வேலையை உண்டாக்குதல், பள்ளியின் நிர்வாகம் அதைத் தாங்குவோர் கையில் இருத்தல் என்பன அவை. ஒவ்வொன்றிலும் வரவு என்ன, நிலுவை என்ன என்று காண்போம்.

திறந்த கதவு

இருபது மாணவர்களுடன் தொடங்கிய பள்ளி படிப்படியாக வளர்ந்து பல்தொழிற் கல்லூரியாயிற்று. 1997-இல் அக்கல்லூரியும், அண்டை ஊர்களில் தனித்தனியே வளர்ந்திருந்த வணிகக் கல்லூரியும், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும் ஒன்று சேர்ந்து மொண்ட்ராகோன் பல்கலைக்கழகம் ஆயின. இன்று அங்கே பல ஆயிரம் மாணவர்கள் பயில்கின்றனர். இது வரவு.

நிலுவையும் உண்டு. தொடக்கத்தில் அது ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியாகவே இருந்தது. அப்பள்ளியின் மாணவர் நிறுவிய ஆலையிலுங்கூட, மணமான பெண்கள் வேலையை விட்டு விலகவேண்டும் என்னும் வழக்கம் முதலாண்டுகளில் நிலவியது. 1969-இல் பெண்களே கூடிச் சமையல், துப்புரவு முதலிய பணிகளுக்கெனத் தனிக் கூட்டுறவு ஒன்றை அமைத்துக்கொண்ட பின்னரே மணமான பெண்களுக்கு வழி பிறந்தது. எல்லோருக்கும் கதவைத் திறக்க எழுந்த பள்ளி, ஊரில் பாதிப்பேரை நெடுநாள் வாயிலில் நிறுத்திவைத்தது எனலாம்.

தொழிலும் படிப்பும்

வேலையை விட்டுவிட்டுப் படிக்க வசதியில்லாத இளைஞர்களுக்கு மேற்படிப்பு எட்டாக் கனியாக இருந்தது. பாதிரியார் தொலைவிலுள்ள சாரகோசா நகரத்துப் பல்கலைக்கழகத்துடன் ஓர் ஏற்பாடு செய்தார். மாணவர்கள் பகலில் ஆலையில் வேலை செய்து, மாலையில் தம் ஊரிலேயே படித்து, தேர்வுக்கு மட்டும் சாரகோசா சென்றனர். இம்முறையில் பதினொரு பேர் 1952-இல் பொறியியற் படிப்பை முடித்தனர்.

1966-இல் இக்கொள்கை மேலும் ஒருபடி சென்றது. மாணவர்களுக்கென்றே அலெக்கோப் என்னும் கூட்டுறவுத் தொழிற்கூடம் நிறுவப்பட்டது. நாளில் ஒரு பாதி வேலை, மறு பாதி படிப்பு. வேலைக்கு வரும் ஊதியத்தைக்கொண்டு மாணவர் தம் படிப்புச் செலவை ஈடுசெய்தனர். அதே சமயத்தில் அங்கத்தினர் என்ற முறையில் கூட்டத்தில் அமரவும், கணக்குக் கேட்கவும், வாக்களிக்கவும் பழகினர். கூட்டுறவைப் பாடமாகப் படிப்பதினும் இது சிறந்த பயிற்சியன்றோ?

ஊரிலேயே வேலை

பட்டம் பெற்ற பதினொருவரில் ஐவர், தாம் வேலை பார்த்த கம்பெனியின் நிர்வாகத்தில் தொழிலாளர்க்கும் பங்கு வேண்டுமென்று கேட்டனர். அது நிறைவேறவில்லை. வெளியேறி, ஊராரிடம் பணம் திரட்டி, 1956-இல் மொண்ட்ராகோனில் உல்கோர் என்னும் ஆலையைத் தொடங்கினர். அவர்கள் பெயர்களின் எழுத்துக்களைச் சேர்த்து அமைத்த பெயர் அது. முதலில் அவர்கள் செய்தது மண்ணெண்ணெய் அடுப்பு. ஆலை கூட்டுறவாக அமைந்து, முதற்போட்டவர் அங்கே உழைப்பவரே என்றும், ஒருவருக்கு ஒரு வாக்கு என்றும் விதி செய்துகொண்டது. 1959-இல் ஊராரின் சேமிப்பைத் திரட்டிக் கூட்டுறவுகளுக்குக் கடன் வழங்கும் பாங்கு ஒன்று எழுந்தது. இன்று மொண்ட்ராகோன் அமைப்பில் ஏறத்தாழ 80 கூட்டுறவுகளும் 70,000 ஊழியரும் உள்ளனர். பள்ளி திறந்து பதின்மூன்று ஆண்டுகள் வரை இதன் அறிகுறி ஒன்றும் வெளியில் தெரியவில்லை என்பதை அங்கத்தினர்கள் கருதிப் பார்க்கவேண்டும்.

இங்கும் நிலுவை உண்டு. உல்கோரிலிருந்து வளர்ந்த வீட்டுச் சாதன ஆலை, 2008-ஆம் ஆண்டில் மூண்ட பொருளாதார நெருக்கடியில் விற்பனை சரிந்து, கடன் பெருகி, 2013-இல் முறிந்தது. வேலை இழந்த அங்கத்தினர் பலருக்கு மற்றக் கூட்டுறவுகள் இடம் தந்தன. ஆயினும் பங்காகவும் கடனாகவும் தாம் அளித்திருந்த சேமிப்பை இழந்தவர்களின் மனக்குறை எளிதில் ஆறுவதன்று. வெளிநாடுகளில் உள்ள கிளை ஆலைகளின் தொழிலாளர் பெரும்பாலோர் அங்கத்தினர் உரிமை பெறாதிருப்பதும் ஒரு குறையே. நல்ல பள்ளி நல்ல தொழிலாளியைத் தரும். சந்தைக்கு அது பிணை நிற்க முடியாது.

தாங்குவோர் கையில் நிர்வாகம்

1948-இல் பள்ளியை நடத்த ஒரு கல்விக் கழகம் சட்டப்படி அமைக்கப்பட்டது. பின்னர்ப் பள்ளியே கூட்டுறவு ஆயிற்று. அதன் பொதுச் சபையில் ஆசிரியரும் ஊழியரும் ஒரு பிரிவு. மாணவர் ஒரு பிரிவு. பள்ளிக்கு உதவும் தொழில் நிறுவனங்கள் ஒரு பிரிவு. எந்த ஒரு பிரிவும் தனித்து ஆள முடியாதபடி இம்முறை காக்கிறது. பாஸ்க் நாட்டுச் சட்டப்படி, கூட்டுறவுகள் தம் நிகர லாபத்தில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கைக் கல்விக்கும் பொதுநலத்துக்கும் அளித்தல் வேண்டும். பெட்டியில் சீட்டு இட்ட அந்த 600 பேரின் பழக்கம் இவ்வாறு நிலைத்த விதியாயிற்று. நான்கு குறிக்கோள்களுள் குறைவின்றி நிறைவேறியது இதுவே என்று நாம் கருதுகிறோம்.

நாம் கேட்கவேண்டியவை

பாதிரியார் 1976-இல் காலமானார். பல்கலைக்கழகத்தை அவர் காணவில்லை. ஆலை முறிந்ததையும் காணவில்லை. பனை வைத்தவரின் பங்கு அவ்வளவே.

நம் சங்கங்களின் கல்வி நிதியிலிருந்தோ, ஊர்ப் பள்ளிக்கு நாம் தனியே தரும் நன்கொடையிலிருந்தோ என்ன விளைந்தது என்று பொதுச் சபையில் பேச எழுவோர், இந்நான்கு கேள்விகளையும் கையில் வைத்திருத்தல் நலம். யாருக்குக் கதவு திறந்தது, இன்னும் வெளியே நிற்பவர் யார்? பிள்ளைகள் கைத்தொழிலைத் தாழ்வென்று எண்ணாமல் கற்கின்றனரா? கற்றவர்களுள் எத்தனை பேர் ஊரில் ஒரு தறியையோ ஒரு வயலையோ முன்னைவிடச் செம்மையாக நடத்துகின்றனர்? நிர்வாகத்தில் நம் குரல் கேட்கப்படுகிறதா? தறியையும் வயலையும் விட்டுப் பிள்ளைகள் நகரம் நோக்கிச் செல்லும் நாளில், மூன்றாவது கேள்வி நம் வீட்டு வாயிலிலேயே நிற்கிறது. ஓராண்டுக் கணக்கில் இவற்றுக்கு விடை கிடைக்காது. ஆண்டுதோறும் கேட்டு, விடையைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவந்தால், நமக்குப் பின் வரும் அங்கத்தினர்களுக்கு நம் பள்ளியின் கணக்கையும் இவ்வாறே எடுத்துப் பார்க்க இயலும்.