கொத்தலாவலவில் மருத்துவம்: பிணையில் கையெழுத்திடும் முன்

உயர்தர உயிரியல் பெறுபேறு வெளியானதும் புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டி, முந்தல், உடப்பு வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "கொத்தலாவலவுக்குப் போட்டா காசில்லாம டொக்டராகலாமாமே?" ஆகலாம். ஆனால் காசைக் காரணமாக வைத்து அந்த முடிவை எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

இலங்கையில் அரச மருத்துவ பீடம் எதிலும் படிப்புக் கட்டணம் கிடையாது. 1945 முதல் வந்த இலவசக் கல்வியின் பயன் அது. வசதி குறைந்த மாணவருக்கு மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. மாதம் 5,000 ரூபாயாக இருந்தது 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. ஆகவே அமெரிக்காவில் படைப் புலமைப்பரிசில் பற்றி மாணவர் போடும் கணக்கு நமக்குப் பொருந்தாது. அங்கே மருத்துவப் படிப்பின் கடன் இலட்சக்கணக்கான டொலர். அதைத் தவிர்க்கத்தான் பலர் படையில் சேருகிறார்கள். நான்கு ஆண்டு உதவி பெற்றவர் பொதுவாக நான்கு ஆண்டு சேவை செய்ய வேண்டும். படை மருத்துவமனையில் சிறப்புப் பயிற்சி பெறும் காலம் அந்தச் சேவைக் கடனைக் கழிப்பதில்லை. இந்தியாவில் 1948இல் தொடங்கிய புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியிலும் சேவை கட்டாயம். குறுகிய காலப் பணி என்றாலே ஏழு ஆண்டுகள்.

நம் நாட்டில் அதற்கு நிகர் ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். அந்தப் பெயருக்குரிய முன்னாள் பிரதமர் கொடையாகக் கொடுத்த இரத்மலானை கந்தவளைத் தோட்டத்தில், 1981ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. மருத்துவ பீடம் பிற்பாடு வந்தது; போதனா மருத்துவமனை வெரஹெரவில் இருக்கிறது. காசு கட்டிப் படிப்பவர்களும் அங்கே உண்டு. நாம் பேசுவது கெடட் இடத்தைப் பற்றி.

கெடட்டாகத் தெரிவானவர் அன்றே படையாள். தரைப்படை என்றால் தியத்தலாவை, கடற்படை என்றால் திருகோணமலை என்று முதலில் படைப் பயிற்சி. பிறகு ஐந்தாண்டு எம்.பி.பி.எஸ். உணவு, தங்குமிடம், சீருடை அரசுடையது, சம்பளமும் கிடைக்கும். பட்டம் பெற்றபின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி எல்லா மருத்துவருக்கும் உள்ளதுதான். அதன் பின்தான் பாதை பிரிகிறது. மற்றவர் சுகாதார அமைச்சின் நியமனத்துக்குக் காத்திருக்க, இவர் படை மருத்துவமனைக்கோ முகாமுக்கோ போவார்.

கரைவலைச் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவர் அந்தப் பருவம் முழுக்க வேறு வலை இழுக்க முடியாது; படையில் சேவை செய்வேன் என்று கெடட் கையெழுத்திடும் பிணையும் அப்படித்தான். ஆனால் இங்கே பருவம் நீளம், விலகினால் கேட்பது பணத்தை மட்டுமல்ல. அரசாங்க வைத்தியர் சொல்லாமல் வெளிநாடு போனால் வேலை போகும். படை அதிகாரி அப்படிப் போனால் இராணுவச் சட்டத்தின் கீழ் குற்றவாளி. 2022 நெருக்கடிக்குப் பின் எத்தனை வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். படை மருத்துவருக்கு வேலைநிறுத்தமும் கிடையாது. 2024 ஜனவரியில் சுகாதார ஊழியர்கள் பணியை நிறுத்தியபோது மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் படையினரே.

புத்தளத்துப் பிள்ளைக்கு வேறொரு கணக்கும் உண்டு. அரச மருத்துவ பீட இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் புத்தளமும் இருக்கிறது. பக்கத்தில் குளியாப்பிட்டியில் வயம்ப பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் வந்துவிட்டது. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். முதல் தடவையில் இசட் புள்ளி சற்றுக் குறைந்ததும் சீருடைக்கு ஓட அவசியமில்லை. ஆனால் கெடட் தெரிவுக்கு வயதெல்லை உண்டு. உயரம், உடல்தகுதி, மணமாகாதிருத்தல் போன்ற நிபந்தனைகளும் உண்டு. இரண்டாம் தடவைக்காகக் காத்திருக்கையில் அந்தக் கதவு மூடிவிடலாம். இந்த இழுபறியில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள்.

மொழியைச் சொல்ல வேண்டும். பாடம் ஆங்கிலத்தில்; அணிவகுப்பும் முகாம் வாழ்க்கையும் பெரும்பாலும் சிங்களத்தில். சிலாபம் சந்தையில் சிங்களம் பேசி வளர்ந்த பிள்ளைக்கு அது பாரமல்ல. வீட்டின் மனநிலைதான் பெரிது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே குடியேறிய முஸ்லிம் குடும்பமானாலும், போரின் நினைவுள்ள தமிழ்க் குடும்பமானாலும், பிள்ளை சீருடையில் வருவதை எப்படி ஏற்கும் என்று முன்பே பேசிவிடுங்கள். முஸ்லிம் பெண்பிள்ளைகள் சீருடை விதிகளைத் தெளிவாகக் கேட்டறிவது நல்லது.

அரச பீடத்து அனுமதிக் கடிதமும் கையில் இருந்தால்கூட நான் இதையே எடுப்பேன் என்று பிள்ளை சொன்னால், தாராளமாக விடுங்கள். ஒழுங்கும் நிச்சயமான வேலையும் கிடைக்கும். இல்லையேல் இன்னொரு தடவை பரீட்சை எழுதட்டும். போவதென்று முடிவானால், நேர்முகத்தேர்வின்போதே பிணைப்பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். சேவைக்காலம் எப்போது எண்ணத் தொடங்கும், பட்டப்பின் படிப்புக்கு விடுவார்களா, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், இந்த மூன்றையும் எழுத்தில் பாருங்கள். பிணையாளராக நிற்கப்போகும் மாமாவுக்கோ அயலவருக்கோ அதை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தராத பத்திரத்தில் யாரும் கையெழுத்து வைக்க வேண்டாம்.