தலை, மண்டை, கபாலம்

நோட்டன் பிரிட்ஜ் என்னும் ஊர்ப்பெயரே ஆங்கிலமாகும். இலங்கையின் மலைநாட்டில், கெஹெல்கமு ஓயாவின் மருங்கில் அமைந்த அவ்வூருக்குத் தேயிலையும் மின்சாரமும் ஆங்கிலேயராட்சியோடும் ஆங்கிலக் கல்வியோடும் வந்து சேர்ந்தன. ஆதலின் அத்தோட்டங்களின் தமிழில் ஆங்கிலச் சொற்கள் உருத்திரிந்து வழங்குதல் வியப்பன்று. காலையில் ஆளெண்ணும் 'பரேட்' பெரட்டு ஆயிற்று. எனினும் 'ஹெட்' என்னும் சொல் மட்டும் அங்ஙனம் எளிதில் ஒட்டவில்லை. துரைமார் 'ஹெட் கங்காணி' என்றவனைத் தொழிலாளர் பெரிய கங்காணி என்றனர். அவன்கீழ் வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று அவன் பெற்ற பணத்தைத் தலைக்காசு என்றனர். உடலுறுப்பைக் குறிக்கும் சொல் ஆளையும், ஆளின் கணக்கையும், அதிகாரத்தையும் குறிக்குமாறு விரிவதை இவ்வழக்குகள் காட்டுகின்றன.

ஆங்கிலத்தில் தலைக்குப் பெயர்கள் மிகப் பல. 'ஹெட்' பழைய ஜெர்மானியச் சொல். இலத்தீனில் 'கபுட்' என்பது அதற்கு உறவு. அவ்விலத்தீன் சொல்லின் வழியே 'சீஃப்', 'கேப்டன்', 'கேபிட்டல்' என்பன தோன்றின. மாட்டைக் குறிக்கும் 'கேட்டில்' என்பதும் அதன் வழியதே. தலைதலையாக எண்ணப்பட்ட கால்நடையே பண்டைச் செல்வம் ஆதலின், செல்வத்தின் பெயர் கால்நடைக்கு ஆயிற்று. எலும்புக் கூட்டைக் குறிக்கும் 'ஸ்கல்' ஸ்காந்திநேவிய மொழிகளோடு தொடர்புடையது என்பர். மருத்துவர் வழங்கும் 'கிரேனியம்' கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. 'பேட்', 'நாடில்' முதலியன விளையாட்டாகவும் இகழ்ச்சியாகவும் வருவன. 'கிரவுன்' உச்சியையும் முடியையும் ஒருங்கே குறிக்கும்.

தமிழும் இவ்வகையில் வறியதன்று. தலை, சென்னி, முடி, உச்சி என்பனவும், வடசொல்லாகிய சிரம், சிரசு என்பனவும் உள. இவற்றுள் மண்டை என்பதே ஆராய்ச்சிக்கு மிகச் சுவையுடையது. சங்க நூல்களில் மண்டை என்பது உண்கலத்தின் பெயர். பாணர் கையில் ஏந்தியது அது. பிற்காலத்தில் அதுவே தலையோட்டின் பெயராயிற்று. ஓடு என்பதும் உடைந்த மட்கலத்தின் துண்டே. எனவே மண்டையோடு என்னும் தொடர் முழுவதும் குயவன் சூளையிலிருந்து வந்தது எனலாம். வடமொழிக் கபாலமும் கலத்தையும் ஓட்டையும் தலையெலும்பையும் ஒருசேரக் குறிக்கும். அதனை ஏந்திய இறைவனுக்குக் கபாலி என்று பெயர்.

இஃது இந்நாட்டார்க்கு மட்டும் உரிய கற்பனையன்று. பிரெஞ்சு மொழியில் தலையைக் குறிக்கும் 'தேத்' என்பது இலத்தீனில் மட்கலத்தையும் ஓட்டையும் குறித்த 'டெஸ்டா'வின் வழிவந்தது. ஜெர்மானியரின் 'கோப்ஃ' என்பதும் கிண்ணத்தின் பெயராய் இருந்ததே. ஒருவரையொருவர் அறியாத மக்கள் தலையை நோக்கியபோது அவர்க்குப் பானையே நினைவுக்கு வந்தது போலும்! 22 எலும்புகளாலாகிய அவ்வமைப்பில் மூளையைக் காக்கும் 8 எலும்புகள் உண்மையில் ஒரு கவிழ்த்த கலம் போன்றனவே.

நோட்டன் பிரிட்ஜில் 'ஹெட்' என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு. நீர் மின்னியலில், மேலுள்ள நீர்மட்டத்துக்கும் கீழே சுழலும் பொறிக்கும் இடையேயுள்ள உயரமே 'ஹெட்' எனப்படும். உயரம் மிகுந்தால் அதே அளவு நீரிலிருந்து பெறும் ஆற்றலும் மிகும். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக் கொண்டு 1965ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்னிலையம் இவ்வூரில் உள்ளது. அது 50 மெகாவாட் திறனுடையது. நீரின் தொடக்கத்தைத் தலை என்பது தமிழுழவர்க்கும் புதிதன்று. தலைமடை, கடைமடை என்பன அவர்தம் நாட்சொற்கள். ஆயினும் மலையுச்சி நீர் கொழும்புக்கு ஒளி அளித்த பின்னரும் தோட்ட லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

'போல்' என்னும் ஆங்கிலச் சொல்லே இம்மக்களின் வரலாற்றோடு மிக நெருங்கியது. முதலில் அது தலையின் பெயர். பின்னர்த் தலையெண்ணி விதித்த வரிக்கு அடையாயிற்று. 1381இல் இங்கிலாந்தின் உழவர் கிளர்ந்தெழுந்தது அத்தலைவரியின் பொருட்டே. அதற்குப் பின்னரே அச்சொல் தேர்தலில் வாக்கெண்ணுதலைக் குறித்தது. தமிழரோ தலையை விடுத்து வாயின் சொல்லாகிய வாக்கையே தேர்தலுக்குக் கொண்டனர்.

தோட்டத்தில் தலை எண்ணப்படாத நாள் இல்லை. பெரட்டுக்களத்தில் எண்ணப்பட்டது, செக்ரோலில் 'பேர்' விழுந்தது, வேலை குறைந்தால் 'அரைப்பேர்' விழுந்தது. மழையில் கம்பளியைக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்து, கூடைக் கயிற்றையும் அத்தலையிலேயே தாங்கி நிற்கும் பெண்ணை அரைப்பேர் ஆக்கிய கணக்கு அது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சில இடங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் சட்டங்களும் அவ்வாக்காளருள் மிகப் பெரும்பாலோரை வாக்கெண்ணிக்கையினின்றும் நீக்கின. உழைப்புக்கு எண்ணிய தலை, வாக்குக்கு எண்ணப்படவில்லை.

1964 ஒக்டோபரில் கையொப்பமான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை மீண்டும் தலைகளை எண்ணியது. 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அது பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டன. எவர் எப்பகுதியில் அடங்குவர் என்பதற்கு முன்னரே எண் முடிவாகிவிட்டது. குடும்பங்கள் பிரிந்து இராமானுஜம் கப்பலேறின. 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு வழி செய்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமேயாகும்.