ரிமோட் காற்றாடி: வசதியும் கவனமும்

விடியுமுன் எழுந்து பால்மரம் சீவச் செல்லும் தொழிலாளிக்கு இரவு உறக்கம் இன்றியமையாதது. மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா, ஜாசின் மாவட்டங்களில் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று ரிமோட் கொண்டு இயக்கும் கூரைக் காற்றாடிகளைக் காண்கிறோம். நள்ளிரவில் குளிரெடுத்தால் படுத்தபடியே வேகத்தைக் குறைக்கலாம். ஆயினும் வசதிக்கு முன் பாதுகாப்பைக் கருதுதல் வேண்டும்.

வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதா எனப் பார்ப்போமாக. காற்றாடியை மெல்லிய சீலிங் பலகையில் மாட்டலாகாது. உறுதியான உத்திரத்திலேயே மாட்ட வேண்டும். கறையான் அரித்த மரம் அதன் அதிர்வைத் தாங்காது. கீழே உறங்குவோர் நம் பிள்ளைகள் என்பதை மறவாதிருப்போம். உடன் வரும் காப்புக் கம்பியையும் தனியே பிணைத்தல் அவசியம்.

ரிமோட்டின் கட்டளையை ஏற்கும் கருவி பெரும்பாலும் காற்றாடியின் மேல்மூடிக்குள் இருக்கிறது. சுவரிலுள்ள பழைய வேகமாற்றி வழியே மின்சாரம் சென்றால் அக்கருவி பழுதாகக்கூடும். ஆகவே வேகமாற்றியை அகற்றிவிட்டு, சாதாரண சுவிட்சை அமைக்க வேண்டும். இவ்வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைப்போம்.

காற்றாடி சுழலாவிடில் முதலில் சுவர் சுவிட்சையும், பின்பு ரிமோட்டின் பேட்டரியையும் பார்க்க வேண்டும். ரிமோட்டால் நிறுத்திய பின்னரும் அக்கருவியில் மின்சாரம் இருந்துகொண்டிருக்கும். எனவே இறக்கைகளைத் துடைக்குமுன் சுவர் சுவிட்சை அடைத்துவிட வேண்டும். பொத்தான் போன்ற சிறு பேட்டரியாயின் குழந்தைகள் விழுங்கிவிடாதவாறு காத்தல் நம் கடமை.

காற்றாடி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடலையே குளிர்விக்கிறது. ஆளில்லா அறையில் அது சுழல்வது வீண்செலவே. வேலைக்குப் புறப்படுமுன் சுவிட்சை அடைப்போம். உழைத்து ஈட்டிய பணத்தைக் காப்போம்.