ராகம் பிடிபடணுமா? போனைப் பைக்குள் போடுங்கள்!

மார்கழி சீசனில் சபா கேன்டீனில் டிபன் ஐட்டங்களுக்கு அடுத்தபடி அதிகம் அடிபடும் விஷயம், 'இன்னிக்கு மெயின் என்ன ராகம்?' என்பதுதான். ஆலாபனையில் நாலு சங்கதி விழுந்ததுமே, "தோடி" என்று பக்கத்துச் சீட்டில் முணுமுணுக்கும் மாமாக்கள் எல்லா சபாவிலும் உண்டு. அவர்களில் பலருக்குப் பாட வராது. ஸ்வரம் எழுதவும் தெரியாது. பின்னே எப்படிச் சொல்கிறார்கள்?

ஷட்ஜம் எங்கே?

முதல் வேலை, ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தைப் பிடிப்பது. கச்சேரியில் கவலையில்லை. தம்புரா ஷட்ஜத்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். சினிமாப் பாட்டில்தான் வம்பு. எந்த ஸ்வரத்தில் வந்து நின்றால் பாட்டு முடிந்த திருப்தி கிடைக்கிறதோ, பெரும்பாலும் அதுதான் ஷட்ஜம். இதைத் தப்பாகப் பிடித்தால் அப்புறம் எல்லாமே தப்பு. மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு அதே ஸ்வரங்களைப் பாடினால் மத்யமாவதி. காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. ஐந்தே ஸ்வரம், ஐந்து ராகம்! வித்வான்கள் கிரஹ பேதம் செய்து கைதட்டல் வாங்குவது இதை வைத்துத்தான்.

அடுத்தது மத்யமம். சுத்தமா, பிரதியா என்று காது சொல்லிவிட்டால் 72 மேளத்தில் 36 கழிந்துவிடும். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் அந்த ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம். பிறகு காந்தாரம், நிஷாதம், எது வராமலே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வடிகட்டலாம்.

ஆனால் இந்தக் கணக்கு பாதி தூரம்தான் வரும். ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோகணம், அவரோகணத்தை எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆரபி விறுவிறுவென்று போகும், ஸ்வரங்களை அதிகம் அசைக்காது. தேவகாந்தாரி நிதானமாக, ஒவ்வொரு ஸ்வரத்திலும் குழைந்து குழைந்து வரும். வித்தியாசம் முழுக்க, ராகத்துக்கே உரிய ஸ்வரக் கோர்வையான பிடியிலும், ஸ்வரத்தை அசைக்கும் கமகத்திலும்தான். மாமாக்கள் பிடிப்பது அந்தப் பிடியை.

தெரிந்த பாட்டின் உதவி

இலக்கணம் தெரியாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி, தெரிந்த பாட்டோடு ஒட்டிப் பார்ப்பது. 'கவிக்குயில்' (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ரீதிகௌளைப் பாட்டை முணுமுணுத்துவிட்டு, 'சுப்ரமணியபுரம்' (2008) படத்தின் பிரபலமான காதல் பாட்டுக்குப் போங்கள். இரண்டுக்கும் நடுவே ஏதோ உறவு இருப்பதைக் காது சொல்லும். பெயர் பிறகு வந்தால் போதும்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. 'மரி மரி நின்னே' தியாகராஜரின் காம்போஜி கீர்த்தனை. 'சிந்து பைரவி'யில் (1985) இளையராஜா அதைச் சாரமதியில் அமைத்தார். சாகித்யத்தை மட்டும் வைத்து ராகம் சொல்பவர் காம்போஜி என்பார். கேட்பவர்தான் சாரமதி என்பார்.

காது ஓய்வெடுக்கிறதா?

இப்போது சபாக்களில் நடப்பது, சாகித்யத்தை வைத்து ராகம் சொல்லும் அந்த முதல் ரகம். பல்லவியின் முதல் வரி விழுந்ததும் அதைத் தேட விரல் போனுக்குப் போகிறது. இருட்டில் திரை பளிச்சிடுகிறது. ராகம் பைரவி, தாளம் ஆதி. போன் பைக்குள் போகிறது. கேட்பதும் அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்திலும் கீர்த்தனைப் பட்டியல் புத்தகத்தைப் பையில் வைத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் சாகித்யமே இல்லாத ஆலாபனைக்கு எந்தப் பட்டியலைப் புரட்டுவது? அங்கே அவர்களும் காதைத் தீட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

சுருதி கண்டுபிடித்துச் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. கீபோர்டுக்குச் சரி. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நின்றால்தானே கட்டை சொல்ல முடியும்? அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருக்கும். அந்த ஊசலை எடுத்துவிட்டு, கீபோர்டில் அதே ஸ்வரங்களைத் தட்டிப் பாருங்கள். ஸ்வரம் இருக்கும், தோடி இருக்காது.

புதிதாகக் கச்சேரிக்கு வருகிறவர்களுக்குப் பெயர் தெரிந்தால் ஒரு தைரியம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். வரலாம். ஆனால் பெயரைத் தெரிந்துகொண்டவர்கள் பெருகி, ராகத்தைத் தெரிந்துகொண்டவர்கள் குறைந்தால், பல்லவியில் ராகமாலிகை ஸ்வரம் பாடும்போது ராகம் மாறியது எத்தனை பேருக்குத் தெரியும்? அது தெரியாத கூட்டத்துக்கு எந்தப் பாடகர் மெனக்கெட்டு அபூர்வ ராகம் பாடுவார்?

எனவே இந்த சீசனில் ஒரு சோதனை. ஆலாபனை முடியும்வரை போனைத் தொடாதீர்கள். மனசுக்குத் தோன்றும் பெயரைத் தைரியமாகப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். ஆரபியைத் தேவகாந்தாரி என்று சொன்னால் யாராவது திருத்துவார்கள். எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று அடுத்த முறை உன்னிப்பாகக் கேட்பீர்கள். ஒரு தப்பில் இரண்டு ராகம் லாபம்!