கெனன் 80டி: நிறைகளும் குறைகளும்

எங்கள் நானாவின் கெனன் 80டி கமராவில்தான் நான் படமெடுக்கப் பழகினேன். 2016இல் வெளிவந்த நடுத்தரக் கமரா இது.

இதன் நிறைகள் பல. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தில், படத்தில் பதியப்போகும் காட்சி முழுவதும் தெரியும். வினாடிக்கு 7 படங்கள் வரை எடுக்கலாம். ஓட்டப் போட்டியின் இறுதிக் கணத்தைத் தவறவிட மாட்டோம். திரையை வெளியே திருப்பி, வேண்டிய முகத்தைத் தொட்டால் அதில் குவியம் விழும்.

குறைகளும் உண்டு. மின்கலம், நினைவு அட்டையுடன் 730 கிராம். வில்லையும் சேர்ந்தால் கழுத்து நோகும். நினைவு அட்டைக்கு ஓரிடமே இருப்பதால், அட்டை பழுதானால் பரிசளிப்பு விழா முழுவதும் போய்விடும். 4கே வீடியோவும் இல்லை.

ஆனால் வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் படம் கலங்குவதற்குப் பெரும்பாலும் வில்லையே காரணம். கமராவுடன் சேர்த்து விற்கப்பட்ட 18-55 மில்லிமீற்றர் வில்லை, 55இல் வைக்கும்போது எப்/5.6 வரைதான் திறக்கும். விலை குறைந்த 50 மில்லிமீற்றர் எப்/1.8 வில்லையோ, அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைக்குக் கமரா வாங்கும்போது முழுப் பணத்தையும் கமராவுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு பங்கை நல்ல வில்லைக்கு ஒதுக்குங்கள்.