உப்புக் கொட்டாரத்தின் கணக்கு

மாதவரத்திலே பேருந்து ஏறி, மூலக்கடை கடந்து, வியாசர்பாடி கடந்து, பேசின் பாலம் வழியாக நாள்தோறும் வேலைக்குச் செல்லும் தோழனே! பாலம் தாண்டியதும், வால்டாக்ஸ் சாலைப் பக்கத்திலே, இரயில்வேக்காரர்கள் 'சால்ட் கோட்டர்ஸ்' என்று சொல்லும் சரக்குக் கிடங்குப் பகுதியைப் பார்த்திருப்பாய். அங்கே மூட்டை சுமந்தவனாகவும் இருப்பாய். யாரோ ஒரு கோட்டர் துரையின் பெயர் போலும் என்று எண்ணியிருப்பாய்.

துரையுமல்ல, துரைசானியுமல்ல! கொட்டாரம் என்று நம் பாட்டன் சொன்ன சொல் அது. நெல்லையும் உப்பையும் கொட்டி வைக்கும் களஞ்சியத்துக்குக் கொட்டாரம் என்று பெயர். உப்புக் கொட்டாரம்தான் வெள்ளையன் வாயிலே புகுந்து சால்ட் கோட்டர்ஸாக வெளியே வந்தது. இடம் நம்முடையது, உப்பு நம்முடையது, உழைப்பும் நம்முடையது. உச்சரிப்பு மட்டும் அவனுடையது! உச்சரிப்போடு விட்டானா? கேள்.

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிப் பாத்தி கட்டி உப்பு விளைவித்தார்கள். அதைப் பட்டணத்துக்குக் கொண்டுவர வழி வேண்டும். பேசில் காக்ரேன் என்ற வெள்ளை வணிகன் வெட்டிய கால்வாய் 1806-இல் திறக்கப்பட்டது. பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை 11 மைல். வந்த படகுகள் நின்று சரக்கு இறக்க ஒரு நீர்த்தேக்கம் இருந்தது. அந்தத் தேக்கத்துக்குத்தான் 'பேசின்' என்று பெயர். தேக்கம் மறைந்தது, பாலத்தின் பெயரிலே மட்டும் வாழ்கிறது. படகை மூங்கில் கழியால் தள்ளியும், கரையிலே நடந்து கயிற்றால் இழுத்தும் கொண்டுவந்தவர்கள் நம்மவர்கள்.

கால்வாய் வருவதற்கு ஓராண்டு முன்பே, 1805-இல், கும்பெனி ஒரு காரியம் செய்திருந்தது. உப்பு முழுவதும் தனக்கே என்று சட்டம் போட்டுவிட்டது! விளைவிப்பவன் தன் உப்பைத் தானே விற்கக் கூடாது. கும்பெனி சொன்ன விலைக்குக் கும்பெனியிடமே கொடுக்க வேண்டும். பிறகு கும்பெனி விற்கும் விலைக்குக் குடிமகன் வாங்க வேண்டும். கொடுத்தவனும் ஏழை, வாங்கியவனும் ஏழை. இடையிலே இருந்த கொட்டாரம் கும்பெனியின் கஜானா.

பக்கத்திலேயே வால்டாக்ஸ் சாலை இருப்பதுதான் வேடிக்கை. நகரைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதற்கு மக்களிடம் வரி கேட்டான் வெள்ளையன். அந்த வரி வசூலாகவில்லை. பெயர் மட்டும் சாலைக்கு மிஞ்சியது. சுவரின்றி வாழலாம், உப்பின்றி உண்ண முடியுமா? அதனாலே உப்பு வரியை மட்டும் அவனால் ஒட்ட ஒட்டக் கறக்க முடிந்தது.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்திலே இலட்சம் இலட்சமாக மக்கள் மடிந்தார்கள். பட்டினியால் பட்டணம் வந்து சேர்ந்தவர்களைக் கொண்டே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே கால்வாயை வெட்டி இணைத்தார்கள். நிவாரண வேலை என்று அதற்குப் பெயர். வெட்டியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. 1878-இல் அந்தக் கால்வாய்க்குச் சூட்டப்பட்ட பெயரோ, ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயர்!

இந்த நிவாரண வேலைகளுக்கு 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். பிணவாடை அடங்கு முன்பே, 1878-இல், சென்னை மாகாணத்து உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. கணக்குப் போட்டுப் பார் தோழா! ஒரு கிலோ உப்புக்கு வரி மட்டும் ஓர் அணாவுக்கு மேல். நாள் முழுதும் மண் வெட்டியவன் கையிலே விழுந்த காசு, ஒரு கிலோ உப்பின் வரிக்கே போதாது!

உப்பு மண்ணைச் சுரண்டி வீட்டிலே காய்ச்சிக் கொண்டால் அது குற்றம். 1889-இல் வந்த சென்னை உப்புச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது.

1930-இல் வேதாரண்யத்திலே ராஜாஜி தலைமையில் உப்பள்ளினார்கள். அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். அந்தத் தியாகத்தைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. 1947 ஏப்ரலில் உப்பு வரியும் ஒழிந்தது. மகிழ்ச்சி! ஆனால் உப்பின் மீதிருந்த அதிகாரம்? 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலே வெள்ளையன் உப்பை மத்தியப் பட்டியலில் வைத்திருந்தான். 1950-இல் நம்மவர்கள் எழுதிய அரசியல் சட்டத்திலும் உப்பு அங்கேதான், ஒன்றியப் பட்டியலில், 58-ஆவது இனமாக! உப்பு ஆணையரின் தலைமையகத்தை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஜெய்ப்பூரில்! அந்தப் பக்கம் சாம்பர் ஏரியிலே உப்பு எடுக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தூத்துக்குடி அலைச் சத்தம் அவ்வளவு தூரம் கேட்குமா?

அதிகாரம் இல்லாத இடத்திலும் அக்கறை காட்ட முடியும் என்பதற்கு, 1974-இல் கலைஞர் ஆட்சியில் பிறந்த தமிழ்நாடு உப்பு நிறுவனம் சான்று. இராமநாதபுரத்து வாலிநோக்கத்திலே அது உப்பு எடுக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் பாத்தி மூழ்கி வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2022-இல் தொடங்கியதும் மாநில அரசுதான். ஐயாயிரம் மூன்று மாதத்துக்குப் போதுமா என்று கேட்பாய். போதாதுதான்.

கொட்டாரத்துக்கு உப்பு அனுப்பிய எண்ணூர்ப் பக்கம் இன்று போய்ப் பார். பாத்தி பளபளத்த இடங்களிலே நிலக்கரிக் கறுப்பும் சாம்பல் மேடும். டில்லியின் உப்புத் துறைக்குச் சொந்தமான நிலத்திலே ஒரு பகுதி, 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. துறைமுகம் வேண்டாம் என்பவனல்லன் நான். அங்கே உழைப்பவனும் நம் தோழன்தான். நிலம் கைமாறியபோது டில்லியின் ஒரு துறையும் இன்னொரு துறையும் கலந்து பேசியிருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பாத்தியிலே நின்று கால் வெடித்தவனிடம் யார் பேசினார்கள்?